ஸ்டார்ஃபீல்ட்: 14 மணி நேரம் ஆடிவிட்டேன், இன்னும் கரையை விட்டுக் கிளம்பின மாதிரி இல்லை

கொண்டல்காற்று, காசிமேடு
10 செப்டம்பர் 2023, ஞாயிறு

வணக்கம். ஸ்டார்ஃபீல்ட் என்கிற விண்வெளி வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 ஈ3 வீடியோ கேம் விழாவில் சின்னதாக ஒரு டீசர் காட்டினார்கள் அல்லவா, அன்றிலிருந்து இந்த கேமுக்காகக் காத்திருந்தவன் நான். ஸ்கைரிம் கேமை மூன்று தடவை முடித்திருக்கிறேன். அதைச் செய்த அதே பெதஸ்டா நிறுவனத்து ஆட்கள், அதே இயக்குநர் டாட் ஹோவர்ட், 25 வருடம் கழித்து முதல்முறையாகப் புத்தம்புது உலகம், ஆயிரத்துக்கும் மேல் கிரகங்கள் என்றதும் மனசு எங்கேயோ போய்விட்டது. போன வருடம் நவம்பர் 11 என்று தேதி சொல்லி, அப்புறம் தள்ளிப்போட்டார்கள்.

எனக்குக் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எல்லாப் படகும் கரையில் நிற்கும், எங்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும். இந்த வருடத் தடைக்காலக் கூலியில் ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் கன்சோல் வாங்கிவைத்து, இந்த ஒரு கேமுக்காகவே நாள் எண்ணினேன். செப்டம்பர் 6, கிருஷ்ண ஜெயந்தி அன்று காலை ஐந்தரைக்குத் திறந்துவிட்டார்கள். அம்மா அடுப்படியில் சீடைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார், நான் வெக்டேரா நிலவின் சுரங்கத்தில் தாது வெட்டிக்கொண்டிருந்தேன்.

கேம் மோசம் என்று சொல்ல வரவில்லை. முதலில் நல்லதைச் சொல்கிறேன். கேமில் முதலில் கிடைக்கிற ஃபிரான்டியர் என்ற விண்கப்பலுக்குள் முதல் தடவை ஏறினதும் பத்து நிமிடம் நான் எங்கேயும் கிளம்பவில்லை. ஒவ்வொரு பேனலாகப் பார்த்தேன். குழாய் எங்கே வளைகிறது, எந்தக் கிளாம்ப் அதைப் பிடித்து நிற்கிறது, எந்த மூடியைக் கழற்றினால் எது தெரியும் என்று யோசித்துத்தான் வரைந்திருக்கிறார்கள். கையில் கிரீஸ் பட்ட ஆளுக்கு அது உடனே தெரியும். பிடிமானக் கம்பியில் கைபடும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. எங்கள் படகுகளின் வீல்ஹவுஸில் இருக்கிற அதே தேய்மானம்.

என் குறை பயணத்தில்தான். கேமின் பெரிய நகரமான நியூ அட்லாண்டிஸில் கப்பலில் ஏறுகிறேன், திரை கறுக்கிறது. சீட்டில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் கப்பல் மேலே எழும்புவதை வெளியிலிருந்து காட்டுகிறார்கள், திரும்பவும் கறுப்பு. விண்வெளி. மேப்பைத் திறந்து நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன், ஒரு மின்னல், கறுப்பு. கிரகத்தில் ஓர் இடத்தைத் தொடுகிறேன், கறுப்பு, கப்பல் இறங்கி நிற்கிறது. கதவைத் திறந்தால் இன்னொரு கறுப்பு. ஊர் விட்டு ஊர் வந்துவிட்டேன், ஆனால் நான் எதையும் கடக்கவில்லை.

அப்பா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். பதினைந்து வயதில் ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ராத்திரி ரெண்டு மணிக்குத் துறைமுகத் தடுப்புச் சுவரைத் தாண்டினோம். அப்புறம் மூன்று மணி நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். ராயபுரத்து விளக்குகள் ஒரே கோடாகி, அந்தக் கோடு மெலிந்து, கடைசியில் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. அதுவும் போனபோது வயிற்றுக்குள் ஒன்று பிசைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடல் பெரியது என்று எனக்குத் தெரிந்தது அந்த மூன்று மணி நேரத்தால்தான்.

போன சனிக்கிழமை, அதாவது 2-ம் தேதி, 11.50-க்கு ஆதித்யா எல்-1 கிளம்பியதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே எண்பது கிலோமீட்டர்தான். கீழ்வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, பின்னால் வெள்ளைக் கோடு. தெருவே மாடியில் நின்றது. அது போய்ச் சேர வேண்டிய இடம் 15 லட்சம் கிலோமீட்டர், 125 நாள் பயணம் என்கிறார்கள். நாலு நாள் கழித்து அதே மனசோடு இந்த கேமில் உட்கார்ந்தேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறதோ என்னவோ.

ஒரே ஓர் இடத்தில் என்னை உலுக்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். கதையே செவ்வாய் கிரகத்துக்கு அனுப்புகிறது, சரி, பக்கத்தில்தானே என்று பூமிக்குப் போனேன். கதைப்படி இது 2330. காந்தப்புலம் போய், காற்று போய், பூமி செத்துக் கிடக்கிறது. கண்டங்களின் வடிவம் மட்டும் தெரிகிறது. இந்தியாவின் கிழக்குக் கரையில் நம் ஊர் இருக்கும் இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து இறங்கினேன். மணல். திசைகாட்டியைப் பார்த்துக் கிழக்கே நடந்தேன். பத்து நிமிடம் நடந்தும் மணல்தான். கடல் இருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், கால் நனையவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அலைச் சத்தம் கேட்டுவிட்டு வந்தேன்.

என் கேள்வி இதுதான். இப்படிப்பட்ட இடம் இன்னும் இருக்கிறதா? உங்களுக்கு எங்கே பிடித்தது? முதன்மைக் கதையைத் தொடரட்டுமா, விட்டுவிட்டு வேறு பக்கம் போகட்டுமா? கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.

---

வியாசை கோல்கீப்பர், வியாசர்பாடி
10 செப்டம்பர், இரவு

அண்ணே, இதே எரிச்சல் எனக்கும் இருந்தது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று புரிந்த பிறகு கொஞ்சம் குறைந்தது, அதனால் எழுதுகிறேன்.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற இன்னொரு விண்வெளி கேம் 2016-லேயே வந்துவிட்டது. அதில் வானத்திலிருந்து தரை வரைக்கும் வெட்டே இல்லாமல் ஓட்டிக்கொண்டு வரலாம். அதை ஆடியவர்களுக்கு இது பெரிய அடி. ஆனால் பெதஸ்டாவின் கேம் எஞ்சின், அதாவது கேமை ஓட்டுகிற மென்பொருள், வேறு மாதிரி. ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு கப்பலின் உட்புறமும் தனித்தனிப் பெட்டி. நீங்கள் ஒரு டம்ளரைத் தரையில் போட்டுவிட்டுப் பத்து கிரகம் சுற்றி வந்தாலும் அது அங்கேயே கிடக்கும். ஒருவர் கப்பல் அறையில் ஆயிரக்கணக்கில் உருளைக்கிழங்கை அடைத்துக் கதவைத் திறந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு கிழங்கும் தனியாக உருண்டு வருகிறது. அத்தனைக்கும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் கதவுக்குக் கதவு திரை கறுக்கிறது என்பது என் புரிதல். எனக்கு டம்ளரை விடப் பயணம்தான் முக்கியம், அது வேறு விஷயம்.

இன்னொன்று. கிரகங்களுக்கு நடுவே மேப் இல்லாமல் நேராக ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நம்பிவிடாதீர்கள். ஒருவர் புளூட்டோவை நோக்கி ஏழு மணி நேரம் ஓட்டிக் கடைசியில் அதற்குள்ளேயே புகுந்து வந்துவிட்டார். அது வெறும் படம். தரையிலும் அப்படித்தான், இறங்கிய இடத்திலிருந்து ரொம்ப தூரம் நடந்தால் எல்லை வந்துவிட்டது, கப்பலுக்குத் திரும்பு என்று ஒரு வரி வரும். எனக்கு அது வந்த அன்று கேமை மூடிவிட்டு நேரே பந்து விளையாடப் போய்விட்டேன்.

என் கணினி பழசு. 16 ஜிபி ரேம், 1070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது அவர்கள் சொன்ன குறைந்தபட்சத்தின் விளிம்பு. 125 ஜிபி இடத்துக்காக எஸ்எஸ்டி மட்டும் ரிச்சி தெருவில் புதிதாக வாங்கினேன். நியூ அட்லாண்டிஸில் நொடிக்கு 30 ஃபிரேமைத் தொடவே மூச்சு வாங்குகிறது, குகைகளில் பரவாயில்லை. உங்கள் சீரிஸ் எஸ் இப்போதைக்கு 30-ல் கட்டிவைத்துத்தான் ஓடும், அதனால் நிலையாக இருக்கும். அது ஒரு கொடுப்பினை.

எங்கே பிடித்தது என்று கேட்டீர்கள். சண்டையில். தோளில் பூஸ்ட் பேக் மாட்டிக்கொண்டு ஈர்ப்பு குறைந்த நிலவில் துப்பாக்கிச் சண்டை போட்டுப் பாருங்கள். எகிறினால் இறங்கவே நேரம் பிடிக்கும், அந்தரத்தில் நின்று கீழே சுடலாம். பெதஸ்டா கேம்களில் துப்பாக்கி இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. பூஸ்ட் பேக் பயிற்சிக்கு முதல் ஸ்கில் பாயின்டிலேயே போட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

---

லோகோ ஷெட், பெரம்பூர்
11 செப்டம்பர்

தம்பி, உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், மகள் வேலைக்குப் போன நேரத்தில் அவள் கணினியில் ஆடுகிறேன். கேமுக்குப் புதியவன், அதனால் மற்றதோடு ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. பயணத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேப்பைத் திறக்காதீர்கள். காக்பிட்டில் உட்கார்ந்தபடி ஸ்கேனரைப் போடுங்கள். போக வேண்டிய இடம் எதிரே ஒரு குறியாகத் தெரியும், கப்பலை அந்தப் பக்கம் திருப்பி, அதையே தேர்ந்தெடுத்துப் போகலாம். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவ வைக்கும் கிராவ் டிரைவ் எஞ்சினுக்கு நீங்களே மின்சாரத்தை ஏற்றுங்கள், லேசரிலிருந்து ரெண்டு கட்டை, ஷீல்டிலிருந்து ஒரு கட்டை என்று இறக்கி அதில் போடுங்கள். எண்ணிக்கை ஓடும், கப்பல் அதிரும், அப்புறம்தான் பாயும். போய்ச் சேர ஆகும் நேரம் என்னவோ அதேதான். ஆனால் மேப்பில் விரலை வைத்துப் போவது டிக்கெட் வாங்கிக்கொண்டு தூங்குவது மாதிரி, இப்படிப் போனால் ஓட்டினவன் நீங்கள்.

ஜம்ப் முடிந்து வெளியே வந்ததும் உடனே அடுத்த இடத்துக்குத் தாவாமல் ரெண்டு நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள். கேமுக்கு இசையமைத்த இனோன் ஜூரின் இசை அந்த அமைதியில்தான் காதில் விழுகிறது. அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் ரேடியோவில் ஒரு பாட்டியின் குரல் வந்தது. தனியாக ஒரு கப்பலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். என் கப்பலை அவருடையதோடு இணைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார். போனேன். மேசையில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். சண்டை இல்லை, வேலை எதுவும் கொடுக்கவில்லை, யாரையும் கொல்லச் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். விசாகப்பட்டினம் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுபோன ராத்திரியில் கேட்கீப்பர் வீட்டில் சாப்பிட்ட சோறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பாட்டி எல்லோருக்கும் எங்கே வருவார் என்று சொல்ல முடியாது, தாவிக்கொண்டே இருந்தால் மட்டும் வர மாட்டார்.

ஆளை உருவாக்கும்போது பெற்றோர் உயிரோடு இருக்கிற குணத்தை எடுத்தீர்களா? எடுத்திருந்தால் நியூ அட்லாண்டிஸில் அப்பா அம்மா வீடு இருக்கும். முகச்சாயலை உங்கள் ஆளுக்கு ஏற்ற மாதிரியே அமைத்திருக்கிறார்கள். சம்பாத்தியத்தில் ஒரு பங்கு தானாக அவர்களுக்குப் போய்விடும். நான் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுகிறேன்.

முதன்மைக் கதையைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு கேமில் வருகிற யுனைடெட் காலனீஸ் என்ற அரசின் வான்கார்டு படையில் சேருங்கள். நியூ அட்லாண்டிஸிலேயே மாஸ்ட் கட்டடத்தில் கேட்டால் போதும். சேரும்போது ஒரு கண்காட்சிக் கூடம் வழியாக நடக்கச் சொல்வார்கள், அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேளுங்கள். இந்த உலகத்தின் போர்கள், யார் யாரை ஏன் வெறுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்காமல் போனால் அப்புறம் வருவது எதிலும் கனம் இருக்காது.

---

எர்ணாவூர் செல்வி
11 செப்டம்பர், இரவு

லோகோ ஷெட் ஐயா சொன்ன ஸ்கேனர் வழி நல்ல வழி. நான் இரண்டாவது நாளிலிருந்தே அப்படித்தான் போகிறேன்.

38 மணி நேரம் ஆகியிருக்கிறது. முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கிரகம் என்று சொன்னதை ஆயிரம் ஊர் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். உயிர் இருக்கிற கிரகம் பத்தில் ஒன்றுதான், அதைக்கூட ஒத்துக்கொள்வேன், விண்வெளி வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கைவிடப்பட்ட ஆய்வுக்கூடத்துக்குள் போய், மேசை மேல் இருந்த கடிதத்தைப் படித்து, செத்துக் கிடந்தவருக்காக மனசு கனத்து வெளியே வந்தேன். ரெண்டு நாள் கழித்து வேறொரு நட்சத்திரத்தில் அதே கூடம், அதே மேசை, அதே கடிதம், அதே மூலையில் அதே ஆள். முதல் ஆளுக்காகப் பட்ட வருத்தத்தையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படியும் ஏன் ஆடுகிறேன்? கப்பல் கட்டுவதற்காக. கொண்டல், நீங்கள் எஞ்சின் ஆள், இதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். ரியாக்டர், எரிபொருள் டேங்க், எஞ்சின், காக்பிட், தங்கும் அறைகள், இறங்கும் கால் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டலாம். எடை ஏறினால் திருப்பம் மந்தமாகும், உடனே எஞ்சினைக் கூட்ட வேண்டும், கூட்டினால் மின்சாரம் பற்றாது, ரியாக்டரை மாற்ற வேண்டும். பெரிய ரியாக்டர் என்றால் பி வகுப்பு, அதை ஓட்டப் பைலட்டிங் ஸ்கில் மூன்றாம் படிக்கு வர வேண்டும், சி வகுப்புக்கு நான்கு. நான் பகலில் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எடைச்சீட்டு போடுகிறவள். ராத்திரி சரக்கு அறையை எங்கே வைத்தால் கப்பல் அழகாக இருக்கும் என்று ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். என் கப்பலுக்கு என் பாட்டியின் பெயர்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பொரிமா என்ற நட்சத்திரத்துக்குப் போங்கள். அங்கே பாரடைசோ என்று ஓர் உல்லாச விடுதி இருக்கிறது. அதற்கு மேலே வானத்தில் ஒரு பழைய பெரிய கப்பல் நிற்கும், யாருக்கும் பதில் சொல்லாமல். அதற்குள் போங்கள், முழுசாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். அந்தக் கப்பல் கிளம்பியபோது கிராவ் டிரைவ் கண்டுபிடிக்கப்படவில்லை. அதில் இருப்பவர்கள் உண்மையாகவே பயணம் செய்தவர்கள், பூமியிலிருந்து இருநூறு வருடம், தலைமுறை தலைமுறையாக. வந்து சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் தேடுகிற அந்த மூன்று மணி நேரம் இந்த கேமில் அந்த ஒரு கப்பலுக்குள்தான் இருக்கிறது.

நாங்கள் 2004 சுனாமிக்குப் பிறகு கரையை விட்டு இங்கே குடியிருப்புக்கு மாறியவர்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. அந்தக் கப்பல்காரர்களுக்காகப் பேச விடுதிக்காரர்கள் முன்னால் போய் நின்றபோது, என்னுடைய ஆள் எந்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

---

கொண்டல்காற்று, காசிமேடு
17 செப்டம்பர்

எல்லோருக்கும் நன்றி. வாரம் முழுக்க ஒரு படகின் கியர்பாக்ஸில் மாட்டிக்கொண்டேன், இன்றுதான் உட்கார முடிந்தது. இப்போது 23 மணி நேரம்.

ஐயா, ஸ்கேனர் வழியில்தான் போகிறேன். வித்தியாசம் இருக்கிறது. லேசரிலிருந்து மின்சாரத்தை இறக்கி டிரைவில் ஏற்றும்போது என்னை அறியாமல் முன்னால் சாய்ந்து உட்காருகிறேன். பாட்டி இன்னும் வரவில்லை. பெற்றோர் குணத்தை எடுக்கவில்லை, அதற்காகப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். வான்கார்டில் சேர்ந்துவிட்டேன். கண்காட்சிக் கூடத்தில் பாதிதான் புரிந்தது, இன்னொரு தடவை நடப்பேன்.

செல்வி அக்கா, பொரிமாவுக்கு நேற்று ராத்திரி போனேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். அவர் கேம் பார்க்கிற ஆள் இல்லை, தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்தார். அந்தக் கப்பலுக்குள் நடந்தேன். ஆட்கள் தாத்தாவின் தாத்தா கிளம்பிய கதையை நேற்று நடந்த மாதிரி பேசுகிறார்கள். அவர்கள் பேசுவதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "இருநூறு வருஷத்துக்கு டீசல் எப்படிப் பத்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம் கப்பலுக்கு என்ன என்று கேட்டார். அது ஒவ்வொரு தடவையும் தானாகவே நிரம்பிவிடும் அப்பா, ஒரே தாவலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத்தான் டேங்க் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நடுக்கடல்ல நிக்கவே மாட்டியா?" என்றார்.

என் குறை என்ன என்று நான் ஒரு பக்கம் எழுதினேன், அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். டேங்க் காலியாகி எங்கேயாவது நின்று, அடுத்து என்ன செய்வது என்று முழித்திருந்தால் இந்த விண்வெளி எனக்குக் கடலாகியிருக்கும். அவர்கள் அந்தப் பயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பழைய கப்பலுக்காக விடுதிக்காரர்களிடம் பேசினேன், அவர்களுக்கு ஒரு கிராவ் டிரைவ் வாங்கிக்கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். கையில் காசு பற்றாது, ரெண்டு மூன்று வேலை பார்க்க வேண்டும். மணி மூன்று ஆகிவிட்டது, அப்பா அதுவரைக்கும் எழுந்து போகவில்லை.

கப்பல் கட்டுவதில் ஒரு சந்தேகம் அக்கா. ஃபிரான்டியரில் இரண்டாவது தளம் ஏற்றினேன். அறைகளுக்கு நடுவே ஏணியும் கதவும் தானாக எங்கேயோ வந்து நிற்கிறது, சமையல் மேடையை ஒட்டி ஒரு ஏணி. அதை நம் இஷ்டத்துக்கு வைக்க வழி உண்டா?

---

எர்ணாவூர் செல்வி
17 செப்டம்பர், இரவு

இல்லை தம்பி, கதவையும் ஏணியையும் கேமே முடிவு செய்கிறது, நாம் சொல்ல இடம் இல்லை. நான் செய்வது இதுதான்: மேல்தள அறையும் கீழ்தள அறையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று வருகிற மாதிரி நகர்த்திவைத்தால், ஏணிக்கு அந்த ஓர் இடம்தான் மிஞ்சும். சமையல் அறைக்கு மேலே அறை வைக்காதீர்கள், சரக்குப் பெட்டியை வையுங்கள். சேமிப்பதற்கு முன்னால் பழைய கப்பலின் படத்தைப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றினது பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கட்ட உதவும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.